சீக்கிரம் தேறும் குழு

“இன்னைக்கு உங்களுக்கு வலி இருக்கக் கூடாதும்மா” என்றார் டாக்டர் ஸ்டானிஸ்லாஸ்.

“இருக்குதுங்களே சார்!” என்றாள் கட்டிலில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம். அவளுடைய முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. டீ தம்ளரை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

மைசூரின் அந்த மருத்துவமனையில் சிக்குன்குனியா வார்டு நிரம்பி வழிந்தது. ‘வலி எப்படி இருக்கு?’ என்று நர்ஸ் ஜெசிகா தினமும் கேட்டு வந்த பதில்களையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் ஊர்ப் பெயர்களையும் டாக்டர் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தார். எந்த நோயாளி எந்த ரகம் என்று அதுவே கற்றுக்கொண்டு பிரித்தது.

மூன்று குழுக்கள் கிடைத்தன. மூன்றாவது குழுவினர்தான் அதிசயம். மற்றவர்கள் வாரக்கணக்கில் முனகும்போது, இவர்களுக்கு மட்டும் மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. அத்தனை பேரும் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிக்காரர்கள்.

அந்த ஊர் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். பெங்களூர் மாநாட்டில் பேசுவதற்குக் கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது.

“நீங்களும் மார்டள்ளி, வந்து மூணு நாளாச்சு. கம்ப்யூட்டர் உங்களையும் அந்தக் குழுவுலதான் போட்டிருக்கு. பெட்டுக்கு ஆள் காத்துட்டிருக்காங்க, கிளம்புங்க.”

பஞ்சவர்ணத்துக்கு அழுகை வந்துவிட்டது. “இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படிங்க பஸ் ஏறுவேன்? இங்கன்னா வேளைக்கு ஊசி போடறீங்க. அங்க ஒரு வாய் தண்ணி மோந்து குடுக்க ஆளில்லீங்க சார்.”

“உங்க ஊர்க்காரங்க போனாங்களே! டிஸ்சார்ஜ்னு சொன்னதும் சாப்பாட்டுக்குக்கூட நிக்கல. கொள்ளேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாங்க. என்ன சிஸ்டர்?”

“ஹௌது சார், ஓடினாங்க” என்று கன்னடம் கலந்து ஆமோதித்தாள் ஜெசிகா. “நொண்டிக்கிட்டே ஓடினாங்க.”

“ஓடினாங்கல்ல? அது போதும்.”

பஞ்சவர்ணம் கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

“அப்போ இவங்க நாலாவது குழு! சிஸ்டர், டிஸ்சார்ஜ் வேண்டாம். ரத்தம் எடுங்க, ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் குழைந்தது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரே ஊர், ஒரே கொசு. ஆனா அவங்க எல்லார்கிட்டயும் இருக்கிற ஏதோ ஒண்ணு உங்ககிட்ட இல்லை. அது என்ன?”

பஞ்சவர்ணம் யோசிக்கவே இல்லை.

“சோளக்காடுங்க சார். கருது முத்தி நிக்குது, ஒடிக்கணும். வலி போச்சுன்னு சொன்னாத்தானே நீங்க விடறீங்க?”