இரண்டு நிமிடத் தண்டனை

அவர் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே உட்காரும் வாங்கு வெறுமையாக இருந்தது.

இராசநாயகம் அங்கிளுக்கு எழுபது வயதிருக்கும். ஸ்கார்பரோவில் ஒரு பழைய பனிச்சறுக்கு அரங்கு. ஐஸை மூடிப் புல்விரிப்புப் போட்டு, சுற்றியிருந்த பலகைச் சுவரை அப்படியே விட்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் அங்கே உள்ளரங்க உதைபந்தாட்டம். தண்டனைக் கூண்டின் கதவைத் திறந்து சாத்துவது அவருடைய வேலை. ஒருவனை விழுத்தியவன் இரண்டு நிமிடம் அந்தக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். அதுவரை அவனுடைய அணி ஆறு பேருக்குப் பதில் ஐந்து பேரோடு ஆடும்.

அன்றைக்கு யாரும் யாரையும் விழுத்தவில்லை. ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை.

என் தம்பி வாகீசன் செத்து ஆறு கிழமை.

வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்றவன் பனிவாரியைச் சுவரில் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். முப்பத்தாறு வயது.

"முதல் ரெண்டு நிமிசம் நாங்கள் அஞ்சு பேர்தான் இறங்கிறம், அக்கா," என்றான் அணித்தலைவன் நிரோஜன். "அவன் கூண்டுக்க இருக்கிறான் எண்டு நினைப்பம். ஒரு கோலும் விடமாட்டம். முடிய, சுபன் பெஞ்சிலயிருந்து இறங்குவான்."

எதிரணியும் சம்மதித்திருந்தது.

சரி என்றேன். ஆறு கிழமையாக எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விசில்.

மணிக்கூடு இரண்டிலிருந்து இறங்கத் தொடங்கியது.

வாகீசன் ஆடியது பதினொரு பருவங்கள். ஐந்து கழகங்கள். பேர் தெரியாத அமெரிக்க நகரங்களில், முதல்நாள் ஹொக்கி நடந்த அரங்குகளில். ஃபுட்சாலில் நாட்டுக்காக நான்கு ஆட்டம். அதில் சுவர் இல்லை, கோடு மட்டும்தான். முதல் ஆட்டத்தில், சுவரில் பட்டுத் திரும்பும் என்ற பழக்கத்தில் பந்தை அடிக்க, அது பார்வையாளர்களுக்குள் போனது. கடைசியில் முழங்கால் போய், மறுபடி இந்த அரங்கு.

பின்கள வீரன். அடித்த கோல்கள் ஏழு.

கூண்டுக்குள் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு நிமிடம். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்குத் தெரியும்.

"ஏன்டா விழுத்துறாய்?" என்று கேட்டால் சிரிப்பான்.

"விட்டா கோல், அக்கா. விழுத்தினா ரெண்டே நிமிசம்."

அவன் கூண்டுக்குள் போனால் அங்கிள் தொடங்கிவிடுவார்.

"வந்திட்டியோ? இந்த வாங்கை உன்ர பேருக்கே எழுதித் தரட்டோ?"

"எழுதுங்கோ. ஆனா தாழ்ப்பாளில இருந்து கையை எடுக்காதேங்கோ, அங்கிள். எங்கட கோலி நிக்கிற நிலைக்கு நான் இப்ப வெளியில."

விதி அப்படி. தண்டனை நேரத்தில் எதிரணி கோல் போட்டுவிட்டால் தண்டனை அந்த இடத்திலேயே முடிந்தது. கதவு திறக்கும். உள்ளே இருப்பவன் வெளியே வருவான்.

ஒரு நிமிடம் போனது.

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு நிமிடம் முடிந்தால் சுபன் இறங்குவான் என்று பேசியிருந்தார்கள். கோல் விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை.

அப்படியானால் பழைய விதிதான்.

கோல் விழுந்தால் கதவு திறக்கும். உள்ளே இருப்பவன் வெளியே வருவான்.

எனக்கு எல்லாம் தெரியும். மலர்ச்சாலையில் அவன் உடலுக்குக் காலுறை போட்டுவிட்டவள் நான். இடது காலில் அந்தப் பழைய தழும்பு இருந்தது. பாதம் குளிர்ந்திருந்தது.

இருந்தும், விழட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வலைக்குள். உடனே.

ஆறு கிழமையில் நான் வேண்டுமென்று நினைத்த முதல் காரியம் அது.

நாற்பது வினாடி. நிரோஜன் தலையால் தட்டி வெளியேற்றினான். சனம் கத்தியது.

இருபது வினாடி.

பந்து பலகையில் பட்டுத் திரும்பியது. இடப்பக்கத்தில் ஆளில்லை. அது வாகீசனின் பக்கம். எதிரணிப் பெடியன் ஒருவன் அதற்குள்ளால் வந்தான். எங்கள் கோலி பாய்ந்து, தவறி, முகம்குப்புறக் கிடந்தான்.

வலை முழுதாகத் திறந்திருந்தது.

அங்கிள் தாழ்ப்பாளை உயர்த்தினார். பழக்கம்.

நான் எழுந்து நின்றேன்.

அந்தப் பெடியன் காலைத் தூக்கினான். தூக்கியபடி கூண்டைப் பார்த்தான்.

பிறகு பந்தை மெதுவாகத் தன் ஆட்களிடமே பின்னுக்குத் தட்டிவிட்டான்.

இரண்டு நிமிடம் முடிந்து ஊதுகுழல் ஒலித்தது. தாழ்ப்பாள் விழுந்தது. சுபன் ஓடிப்போய் இடப்பக்கத்தில் நின்றான்.

எல்லாரும் கை தட்டினார்கள். எதிரணியின் தாய்மாரும் தட்டினார்கள்.

"பாத்தியளே? மரியாதை தெரிஞ்ச பிள்ளை," என்று பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்தார்.

நான் உட்கார்ந்தேன்.

நாங்கள் ஐந்துக்கு இரண்டில் வென்றோம் என்று பிறகு சொன்னார்கள்.

அந்தப் பெடியன் என்னைத் தேடிப் பார்வையாளர் படிகளில் மேலே வந்தான். தலைமயிர் நனைந்திருந்தது. பெயர் தர்ஷிகன் என்றான்.

"எனக்கு அடிக்க மனம் வரேல்ல, அக்கா."

கையை நீட்டினான். பிடித்தேன்.

"அடிச்சிருக்கலாம், தம்பி," என்றேன்.

அவன் அழத் தொடங்கினான்.

"உங்களுக்குப் பெரிய மனசு, அக்கா."

நான் அவன் கையை விடவில்லை.