பானட்டின் மேல் ஒரு காது

பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று பூங்கோதை துவைத்து மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணியால்தான் அவள் புருஷன் சிவநேசன் அந்தப் புது சூப்பர்சார்ஜரைத் துடைத்துக்கொண்டிருந்தான். எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துத் திணித்து வேகம் ஏற்றுகிற சாமான். காரில் ஏற்கெனவே இருந்தது போதவில்லையாம். இது அதைவிடப் பெரியதாம். ஏழு மாத வயிற்றோடு அவள் வாசலில் நின்று பார்த்தாள். பூட்டி முடித்து வண்டியைக் கிளப்பியவன், பானட்டை மூடி, அதன்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் வயிற்றில் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை. ஓர் இரும்புச் சாமானைப் பார்த்து வயிறெரிவது அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் எரிந்தது.

"இங்க வா புள்ள, எப்பிடிப் பாடுதுன்னு கேளு!"

வேண்டாவெறுப்பாகப் போய்ச் சாய்ந்து காதை வைத்தாள். அவன் கார்க் கதவு வழியே உள்ளே எட்டிக் கையால் ஆக்சிலரேட்டரை அழுத்தினான். சன்னமான ஓர் ஊளை எழுந்து ஏறிக்கொண்டே போனது. காலையிலிருந்து அசையாமல் கிடந்து அவளைக் கலங்கடித்த பிள்ளை, அந்தச் சத்தத்துக்கு உதைத்தது. அவன் மறுபடி அழுத்தினான். அது மறுபடி உதைத்தது.

"கேட்டுதா?"

"ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள், இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தியபடி.