சமைத்தவர் பெயர்

“இந்தக் கொழம்ப வச்ச கை யாரு கைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!”

ஆனந்தமேரி போட்ட சத்தத்தில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த ஓட்டலில் எல்லாருடைய கையும் இலையிலேயே நின்றுவிட்டது.

முதலாளி ஆண்டிச்சாமி கல்லாவிலிருந்து ஓடிவந்தார். “என்னக்கா ஆச்சு?”

“உப்பு! வேளாங்கண்ணிக் கடல்ல நாலு கத்திரிக்காயப் போட்டுக் கொண்டாந்து ஊத்திருக்கீங்க.”

“ரசம் ஊத்தச் சொல்றேன்க்கா. செத்த ஒக்காருங்க.”

“ரசத்த ஊத்தி என் வாய அடைக்கப் பாக்காதீங்க. நான் யாரு தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினார் ஆண்டிச்சாமி.

நுகர்வோர் சங்கத்தில் மூன்று நாள் பயிற்சியை அவள் நேற்றுதான் முடித்திருந்தாள். கைப்பையில் பத்துப் புகார்ப் படிவங்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பயிற்சிக்கு வந்த இருபது பேரில் முதல் புகார் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று ராத்திரியே மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். மாதா இவ்வளவு சீக்கிரம் கேட்பாள் என்று அவளே நினைக்கவில்லை.

கூட வந்த தோழி ஜோஸ்பின் அவள் சேலையை இழுத்தாள். “விடுடி. தவக்கால வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ஒருசந்தி இருக்கிறவ இப்படியா கத்துவ?”

“ஒருசந்திக்கு ஒரு நேரந்தான்டி சோறு. அந்த ஒரு நேரமும் இப்படியா? நானுந்தான் வெள்ளிக்கிழமை வாயில வச்சுக்கூடப் பாக்காம சமைக்கிறேன். எங்க வீட்டுக்காரரு தூக்குவாளி தெனமும் கழுவி வச்சாப்புல வருது. ஒரு பருக்க இருக்காது!”

படிவத்தை இலைக்குப் பக்கத்தில் விரித்தாள். தேதி எழுதினாள். ஓட்டல் பெயர் எழுதினாள். பொருள்: கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. குறை: உப்பு, உப்பு, உப்பு.

“சமைத்தவர் பெயர்?”

ஆண்டிச்சாமி பிடரியைச் சொறிந்தார். “அத மட்டும் விட்ருங்கக்கா. எங்க மாஸ்டர் வச்சதில்ல அது.”

“பின்ன, வானத்துலருந்து ஊத்துச்சா?”

“எங்க கொழம்பு தீந்துபோச்சுக்கா. ஒரு சாரு தெனமும் வீட்டுச் சாப்பாட்ட இங்க குடுத்துட்டுப் பிரியாணி சாப்ட்டுப் போவாரு. இன்னைக்குக்கூட ரெண்டு பிளேட்டு. அவரு கொழம்ப எங்க வீட்டு எருமைக்குத்தான் வைப்பேன். இன்னைக்கு அவசரத்துல ஒங்க இலைக்கு வந்துருச்சு. தப்புதான்.”

எருமை என்றதும் ஜோஸ்பினுக்குப் புரையேறியது. ஆனந்தமேரிக்கோ கண் கலங்கிவிட்டது.

“பாவம் அந்த மனுசன்! இப்படி ஒருத்தியக் கட்டிக்கிட்டு என்ன பாடு படுறாரோ! விடக் கூடாது. அவ பேரச் சொல்லுங்க, அவளையும் சேத்து எழுதுறேன்.”

“பேரு தெரியாதுக்கா. ஆனா பாத்திரத்துல வெட்டிருக்கு. சாயங்காலம் வந்துதான் வாங்கிட்டுப் போவாரு. இருங்க, பாத்துச் சொல்றேன்.”

அடுப்படிக்குள் போய், அங்கிருந்தே எழுத்துக் கூட்டிக் கத்தினார் ஆண்டிச்சாமி. முதல் புகார் அல்லவா, அவளும் ஒவ்வொரு எழுத்தாகக் குண்டு குண்டாக எழுதினாள்.

“மொதல்ல ‘அ’, ஒரு புள்ளி. பெறகு ‘ஆ’... ‘ன’... ‘ந்’... ‘த’...”

பேனா நின்றது.

“எழுதிட்டீங்களாக்கா?” என்றது உள்ளே இருந்து வந்த குரல். “இன்னும் ‘மேரி’ இருக்கு!”