நத்தைகள் பெருகும் தொட்டி

நத்தைகளைப் பிடிக்க இரவில் போட்டிருந்த வெந்த வெள்ளரித் துண்டை ஜெனிலா இறால் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியிலிருந்து தூக்கினாள். அதன் அடியில் நத்தைகள் அப்பியிருந்தன. தினமும் இப்படித்தான் எடுக்கிறாள், ஆனாலும் பெருகுகின்றன.

"தீனி மிஞ்சினாதான் நத்தை கூடும். அப்பா காலையில ஒரு சிட்டிகைதான் போடுறார். அப்புறம் நீயும் கொட்டுறியா? ஸுவாலஜி படிச்ச லட்சணம்!" என்றான் அண்ணன். "இன்னமும் கூடுச்சுன்னா, தொட்டியை இறாலோட யாருக்காவது தூக்கிக் குடுத்திடுவேன்."

அவள் ஒரு நாளும் தீனி போட்டதில்லை.

அண்ணன் உள்ளே போனதும் அப்பா வந்தார். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டு, இறால்கள் தின்பதைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். ஜன்னல்வரை நடந்து திரும்பியவர் தொட்டியருகே திடுக்கிட்டு நின்றார்.

"அடடா, இதுங்கள இன்னிக்கு மறந்தே போயிட்டேனேம்மா."

டப்பாவை மறுபடி திறந்தார்.

"ஜெனி, நீதானே தீனி போடுற?" டப்பா திறக்கும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அண்ணன் கேட்டான்.

"ஆமாண்ணே, நான்தான்."

அப்பாவின் முன் உள்ளங்கையை நீட்டினாள். "எங்கிட்ட குடுங்கப்பா, நான் போடுறேன்."

அவர் தந்த சிட்டிகையை இறுக மூடிக்கொண்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டாள். இறால்கள் ஒவ்வொன்றாக வந்து அவள் விரல்களைச் சூழ்ந்தன.

"பாரு, எவ்வளவு பசி!" என்றார் அப்பா.

அவள் விரல்களைத் திறக்கவில்லை.