வாத்தியார் கைக்குள் ஒரு எலி

ஜப்பானில் ஒரு இங்கிலீஷ் வகுப்பறை. அங்கே அலமாரிக்குப் பின்னால் கூர்மூக்கன் என்றொரு எலி பெண்டாட்டியோடு குடியிருந்தது. ஒருநாள் வாத்தியார் சோனோதா கரும்பலகையில் ‘மஸில்’ என்று எழுதிவிட்டு, “இது லத்தீன்லேருந்து வந்த வார்த்தை. அங்கே இதுக்குச் சுண்டெலின்னு அர்த்தம். எல்லாரும் தேடிப் பாருங்க, எலி கிடைக்கும்” என்றார்.

கூர்மூக்கனுக்கு உயிரே போய்விட்டது. “தேடச் சொல்லிட்டார்டி” என்று பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு மூலையில் ஒண்டியது.

“என்கிட்ட எலியே இல்லையே சார்” என்றான் தன் கையைத் தடவிப் பார்த்த ஒரு ஒல்லி மாணவன்.

வாத்தியார் சட்டைக்கையைச் சுருட்டி முழங்கையை மடக்கினார். தோலுக்கடியில் ஒரு உருண்டை குபுக்கென்று மேலேறியது. “சுண்டெலி ஓடுற மாதிரி இல்ல? அதனாலதான் தசைக்கு அந்தப் பேரு.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் கர்வமும் வந்தது. “நம்ம பேரைக் கையில வெச்சிருக்காங்கடி. போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வர்றேன்.”

“வேண்டாங்க, வாலைச் சுருட்டிக்கிட்டு இருங்க.”

கூர்மூக்கன் கேட்கவில்லை. நேரே போய் வாத்தியார் முன்னால் நின்றது. அவர் அலறிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார். மடக்கிய கை வெடவெடவென்று நடுங்கியது. அதிலிருந்த உருண்டையும் சேர்ந்து நடுங்கியது.

கூர்மூக்கன் நிதானமாக வளைக்குத் திரும்பியது.

“என்னங்க ஆச்சு?”

“அவர் கைக்குள்ள இருக்கிறவன் என்னைவிடப் பயந்தாங்கொள்ளிடி” என்று சொல்லிவிட்டு, அந்த வளைக்குக் குடிவந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்தது.