நாற்பதைத் தாண்டாத கார்

"நாப்பதுக்கு மேல போகவே மாட்டேங்குது. சைக்கிள்காரன்லாம் என்னை முந்திட்டுப் போறான். ரிப்பேர் பண்ணலாமா, தலைமுழுகிடலாமா?" என்றார் கணவர்.

மெக்கானிக் பதில் சொல்வதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "நாப்பது போதாதாங்க? பதினாலு வருஷம் உழைச்ச வண்டி. இருந்துட்டுப் போகட்டுமே."

"பாத்தீங்களா, என்னைவிட இதுமேலதான் இவளுக்குப் பாசம்!" சிரித்துக்கொண்டே அவர் கார் ஷோரூமுக்கு போன் போட்டபடி வாசலுக்குப் போனார்.

மெக்கானிக் காருக்குள் குனிந்து அரைமணி நேரம் குடைந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் சின்ன மரக்கட்டை இருந்தது.

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்கும்மா. யாரோ இதை ஆக்ஸிலேட்டருக்கு அடியில ஒட்டி வெச்சிருக்காங்க. பாதிக்கு மேல மிதிக்கவே முடியாது. சார்கிட்ட சொல்லிடவா?"

"ஐயையோ, வேண்டாண்ணே! போன வருஷம் நூத்திப்பத்துல போய் லாரிக்குப் பின்னாடி சொருகப் பாத்தாரு. மயிரிழையில தப்பிச்சோம். சொன்னா கேக்குற ஆளா? மறுநாள் நான்தான் ஒட்டினேன்."

வாசலிலிருந்து கணவர் உற்சாகமாகக் கத்தினார். "முடிஞ்சுபோச்சு! நாளைக்கே புது வண்டி!"

அவள் கட்டையை வாங்கி, தூசியைத் துடைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, இது புது வண்டிக்கும் பொருந்துமா?"