நான்கு ஸ்டூல்கள்

கருத்துப் பெட்டியிலிருந்து எடுத்த சீட்டோடு வார்டு வாசலில் நிற்கிறாள் தலைமை நர்ஸ். வேலையில் மனநிறைவு கூடுவதற்கு என்ன செய்யலாம் என்று நர்ஸ்களிடம் அவள்தான் கேட்டிருந்தாள். சம்பளம், லீவு என்று எழுதுவார்கள் என நினைத்திருந்தாள். பெயரில்லாத இந்தச் சீட்டில் ஒரே வரி: ‘உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும்.’ வார்டு பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று போன மாதம் நான்கு ஸ்டூல்களையும் எடுக்கச் சொன்னதும் அவள்தான். மத்தியான வெயில் தரையில் நீளமாக விழுந்து கிடக்கிறது. யாரோ ஒரு நோயாளி இருமி ஓய்கிறார். ஜன்னல் திட்டில் குறிப்பேட்டை வைத்து, நின்றபடியே எழுதிக்கொண்டிருக்கிறாள் ஒரு நர்ஸ். வலது காலை ஷூவிலிருந்து உருவி, பாதத்தைக் குளிர்ந்த சுவரில் அழுத்தியிருக்கிறாள். வீங்கிய கணுக்காலில் சாக்ஸின் விளிம்பு வளையமாகப் பதிந்திருக்கிறது. தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிடத்தான் தலைமை நர்ஸ் மாடியேறி வந்தாள். அதற்குள் நிழலாடுவதைக் கண்டு திரும்பிய நர்ஸ், பதறிப்போய்க் காலை ஷூவுக்குள் திணிக்கிறாள். அது பாதிக்குமேல் நுழைய மறுக்கிறது. “மன்னிச்சிடுங்க மேடம், ஒரு நிமிஷம்தான்... இனிமே இப்படி நிக்க மாட்டேன்.” சொல்ல வந்தது தலைமை நர்ஸின் நாக்கு நுனிவரை வருகிறது. ஆனால் பழகிப்போன அதிகாரக் குரல் முந்திக்கொள்கிறது. “சரி சரி, பரவாயில்ல” என்கிறாள். “தேங்க்ஸ் மேடம்” என்று அந்தப் பெண் மனசாரச் சிரிக்கிறாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தலைமை நர்ஸ் தலையைத் தாழ்த்திக்கொள்கிறாள்.